இமாச்சல் தொப்பி என்று ஒன்று இல்லை

பியாஸ்கரை:

போன மாதம் சென்னையில் ஒரு கருத்தரங்கு. வந்த விருந்தினர் நால்வருக்கும் சால்வைக்குப் பதில் தொப்பி அணிவித்தார்கள். நெற்றிப் பக்கம் பூவேலைப் பட்டை வைத்த கம்பளித் தொப்பி. "பாரம்பரிய இமாச்சல் தொப்பி" என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். இமாச்சலப் பிரதேசத்துக் குல்லுவில் ஆறு வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவன் நான். அந்தச் சொல் அன்றிலிருந்து மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இந்த இழை.

அங்கே இருந்தவரை ஒருவர்கூடத் தன் தொப்பியை "இமாச்சல் தொப்பி" என்று சொல்லி நான் கேட்டதில்லை. குல்லு டோப்பி, புஷஹ்ரி டோப்பி, கின்னௌரி டோப்பி என்றுதான் பேச்சு. லாஹௌல்காரர்களின் தொப்பி வேறு, ஆடு மேய்க்கும் கத்தி (Gaddi) இனத்தாருடையது வேறு. குல்லுத் தொப்பி சாம்பல் அல்லது பழுப்புக் கம்பளித் துணியில் தைத்தது. வட்டச் சுவர், தட்டையான மேல்பாகம், முன்பக்கம் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகக் கட்டம் கட்டமாக நெய்த பட்டை. கின்னௌரில் அதே உருவம்தான், ஆனால் பூவேலைக்குப் பதில் பச்சை வெல்வெட் மடிப்பு. அங்கே அதற்குத் தேபங் என்று பெயர். பேருந்தில் நாலு வரிசை தள்ளி உட்கார்ந்திருப்பவர் எந்தப் பள்ளத்தாக்குக்காரர் என்று பின்னாலிருந்தே சொல்லிவிடுவார்கள். முதலில் எனக்கு அது வித்தை மாதிரி இருந்தது. இரண்டு வருடத்தில் நானும் சொல்லப் பழகிவிட்டேன்.

ஒரு விஷயத்தைச் சொன்னால்தான் மற்றது புரியும். நான் போன முதல் வருடம், வீட்டுக்காரரின் சொந்தக் கிராமத்துக்கு அழைத்துப் போயிருந்தார்கள். அவர்களுடைய தேவதா பல்லக்கில் வெளியே வரும் நாள். கொம்பு ஊதுகிறார்கள், மேளம் நெருங்கி வருகிறது. நான் வேடிக்கை பார்த்துக்கொண்டு வெறுந்தலையோடு நிற்கிறேன். வீட்டுக்காரர் உள்ளே ஓடிப்போய் ஆணியில் தொங்கிய ஒரு பழைய தொப்பியை எடுத்துவந்து என் தலையில் வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. வைத்துவிட்டுத் தன் இடத்தில் போய்க் கைகூப்பி நின்றுகொண்டார். தேவதா முன்னால் தலை வெறுமையாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். பிறகு சாங்லாவில் காம்ரூ கோட்டைக்குப் போனபோதும் வாசலில் தொப்பியும் இடுப்புக் கச்சையும் கொடுத்துக் கட்டிக்கொண்ட பிறகுதான் உள்ளே விட்டார்கள். ஆணுக்கும் அப்படித்தான், பெண்ணுக்கும் அப்படித்தான்.

என் கணக்கில் தொப்பியின் வேர் அங்கே இருக்கிறது. என் ஊர், என் தெய்வம், அதன் முன் என் தலை. மாநிலம் என்பது அதற்கு வெகு பின்னால் வந்தது. அந்தச் சிறிய உறவுகளை எல்லாம் சேர்த்துக் கட்டி "இமாச்சல் தொப்பி" என்று ஒரே பெயர் போட்டு மேடையில் கொடுத்துக்கொண்டே இருந்தால் என்ன மிஞ்சும்? மற்ற மலைகளைப் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். எழுதுங்கள்.

குறிஞ்சிச்செல்வி:

நல்ல இழை அண்ணா. பச்சைத் தொப்பி காங்கிரஸ், சிவப்புத் தொப்பி பாஜக என்று ஒரு தேர்தல் சமயத்தில் செய்தியில் பார்த்த நினைவு. அது உண்மைதானா?

பியாஸ்கரை:

உண்மைதான். சிவப்பு என்றாலும் அங்கே மெரூன் என்றே சொல்வார்கள். ஆனால் கட்சி பிறகு வந்தது. முதலில் இருந்தது நிலம்.

1948 ஏப்ரல் 15 அன்று சுமார் 30 மலைச் சிற்றரசுகளைச் சேர்த்து இமாச்சலப் பிரதேசம் உருவானது. புஷஹர் அதில் ஒன்று. காங்ரா, குல்லு, லாஹௌல் ஸ்பிதி எல்லாம் அப்போது பஞ்சாபில் இருந்தன. 1966 நவம்பர் 1 அன்று பஞ்சாபைப் பிரித்தபோதுதான் அந்த மலைப்பகுதிகள் இங்கே வந்து சேர்ந்தன. தனி மாநிலத் தகுதி 1971 ஜனவரி 25இல் கிடைத்தது. ஆக, ஒரே மாநிலத்துக்குள் பழைய (மேல்) இமாச்சல், புதிய (கீழ்) இமாச்சல் என்று இரண்டு மனநிலை. பதவி யாருக்கு, சாலை எந்தப் பக்கம், ஆப்பிளுக்கு என்ன விலை என்று எல்லாவற்றிலும் அந்தக் கோடு தெரியும்.

வீரபத்ர சிங் புஷஹர் அரச குடும்பத்தில் பிறந்தவர், ஆறு முறை முதல்வர். அவர் தலையில் எப்போதும் அவர் ஊர்ப் பச்சைத் தொப்பி. எதிர்ப்பக்கம் ஹமீர்பூர்க்காரரான பிரேம் குமார் துமல். 1998இலும் 2007இலும் முதல்வரானவர். அவர் தலையில் மெரூன். பச்சை என்றால் மேல் இமாச்சல், காங்கிரஸ். மெரூன் என்றால் கீழ் இமாச்சல், பாஜக. ஆட்சி மாறினால் அலுவலகங்களில் தொப்பி நிறமும் மாறும் என்று என்னுடன் வேலை பார்த்த உள்ளூர்க்காரர்கள் சொல்வார்கள். 2017இல் ஜெய்ராம் தாக்கூர் முதல்வரானதும் இந்தத் தொப்பி அரசியல் போதும் என்றார். 2021 ஜூலையில் வீரபத்ர சிங் காலமானார். அதன் பிறகு பழைய வேகம் இல்லை என்பது என் எண்ணம்.

இதில் வலித்தது யாருக்கு என்றால் கின்னௌர்க்காரருக்கு. அவர் தாத்தா வைத்திருந்த பச்சை, அவர் வைக்கிற பச்சை. ஷிம்லாவில் பேருந்தைவிட்டு இறங்கினால் அவர் எந்தக் கட்சி என்று பார்க்கிறார்கள். ரேக்கோங் பியோவிலிருந்து வந்த நண்பர் ஒருவர் தேர்தல் மாதங்களில் தொப்பியைப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் ஷிம்லா வருவார். குளிர்காலத்திலும்.

ஊசிநூல்:

அண்ணா, நான் சென்னிமலைப் பக்கம். எங்க வீட்ல மூணு தலைமுறையா தறிதான். எனக்கு அரசியலைவிட அந்தப் பட்டை மேலதான் கண்ணு. அதை யார் நெய்யறாங்க? எந்தத் தறி? கம்பளி உள்ளூரா? தொப்பியோட சேர்த்து நெய்யறதா, தனியா நெய்து வெச்சுத் தைக்கறதா?

பியாஸ்கரை:

தனியாக நெய்து வைத்துத் தைப்பது. நெசவு ஒரு கை, தையல் ஒரு கை. பட்டையை முழம் கணக்கில் தையல்காரர் வாங்கி வைத்துக்கொள்வார். தலைச் சுற்றளவு எடுத்து, உள்ளே விறைப்புத் துணி கொடுத்து, சுவரை நிறுத்தி, கடைசியில் பட்டையை முன்னால் ஏற்றுவார்.

நெசவில் எனக்குத் தெரிந்தது குறைவு. ஆனால் ஒன்று சொல்லலாம். குல்லுவில் முன்பெல்லாம் பூவேலை இல்லாத கம்பளித் துணிதான் நெய்தார்கள். 1930களின் கடைசி, 40களின் தொடக்கம் வாக்கில் புஷஹரிலிருந்து நெசவாளர்கள் இங்கே வந்தார்கள். அவர்கள் கையோடு கொண்டுவந்ததுதான் இந்தக் கட்ட வேலை. 1944இல் புட்டி கிராமத்து நெசவாளர்கள் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். இன்று புட்டிகோ என்ற பெயரில் நாடு முழுக்கத் தெரிந்தது அதுதான். இப்போது குல்லு என்றதும் நம் கண்ணில் வரும் அந்தப் பட்டை, பக்கத்துப் பள்ளத்தாக்கின் விரல்களில் இருந்து வந்தது. இதை எனக்குச் சொன்னதே ஒரு குல்லு நெசவாளர்தான். மறைக்கவில்லை, பெருமையாகச் சொன்னார்.

காட்மாண்டுவழி:

பியாஸ்கரை அவர்களே, நீங்கள் இப்போது எழுதியதே உங்கள் முதல் பதிவுக்கு எதிராக நிற்கிறது. குல்லுப் பட்டை 80, 90 வருடத்துக்கு முன் வெளியிலிருந்து வந்தது. அது குல்லுவின் அடையாளம் ஆகலாம் என்றால், நாளை இமாச்சல் தொப்பி என்பதும் ஒரு அடையாளம் ஆகலாமே? எல்லா அடையாளமும் ஒரு காலத்தில் புதிதுதான்.

நான் கேட்கும் கேள்வி வேறு. அது எப்படி வந்தது? விரும்பி எடுத்தார்களா, தலையில் வைத்து அழுத்தினார்களா? நேபாளத்தில் நாலு வருடம் இருந்தேன். அங்கே டாக்கா டோப்பி. டாக்கா என்ற பருத்தி நெசவில் தைத்தது, பால்பாவும் தேரதுமும் அதற்குப் பெயர்போன ஊர்கள். ஒரு பக்கம் கொஞ்சம் உயர்ந்து, மலைச்சரிவு மாதிரி சாய்ந்திருக்கும். தசைன் பண்டிகைக்குப் பெரியவர்களுக்கு வாங்கிக் கொடுப்பார்கள். அழகான தொப்பி, எனக்கும் பிடிக்கும். ஆனால் அதை நாடு முழுக்கக் கொண்டுபோனது அரண்மனை. 1955 முதல் 1972 வரை ஆண்ட மன்னர் மகேந்திரா காலத்தில், அரசு ஆவணத்துக்கும் பாஸ்போர்ட்டுக்கும் எடுக்கிற படத்தில் ஆண்கள் தலையில் அது இருந்தே ஆக வேண்டும். ஒரே நாடு, ஒரே மொழி, ஒரே உடை என்று போன காலம் அது.

மலைக்காரருக்கு அதில் சிரமம் இல்லை. தெற்கே சமவெளியில் இருக்கும் மதேசிகளை நினைத்துப் பாருங்கள். மைதிலியும் போஜ்புரியும் பேசுகிறவர்கள், வேட்டி குர்தா கட்டுகிறவர்கள். வெயில் அடிக்கிற ஊர். குடியுரிமைச் சீட்டுக்குப் படம் எடுக்கப் போனால், முதலில் அடுத்தவன் தொப்பியை எடுத்து வைத்துக்கொள் என்றது நாடு. ஜனக்பூரில் ஒரு பெரியவர் தன் பழைய அட்டையை எனக்குக் காட்டினார். ஸ்டுடியோவில் ஒரே தொப்பிதான் இருந்ததாம், ஊரே அதை மாற்றி மாற்றி வைத்து எடுத்துக்கொண்டதாம். அவர் தலைக்கு அது சிறியது, படத்தில் நன்றாகத் தெரிகிறது. அந்த அட்டையை அவர் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறார், அது இல்லாமல் நிலம் இல்லை. ஆனால் அதைப் பார்த்தபோது அவர் முகம் போன விதத்தை என்னால் மறக்க முடியவில்லை.

தொப்பியை மலைவாழ் மக்களின் பெருமை என்று எழுதும்போது, அதே தொப்பி வேறொருவர் தலையில் என்ன ஆனது என்பதையும் எழுத வேண்டும்.

பியாஸ்கரை:

ஏற்றுக்கொள்கிறேன் தோழர். அந்தப் பெரியவரின் படம் இந்த விவாதத்தில் இருந்தே ஆக வேண்டும்.

"எப்படி வந்தது" என்ற உங்கள் கேள்வியையே நான் குல்லுவுக்கும் வைத்துக்கொள்கிறேன். பட்டை வந்தது நெசவாளர் வழியாக, கையிலிருந்து கைக்கு. இமாச்சல் தொப்பி என்ற பெயர் வந்தது விழா மேடை வழியாக. புதிது, பழையது என்பதை அளவாக வைத்தது என் தவறு.

ஹட்டிமகன்:

கோத்தகிரிப் பக்கம் நம்ம ஊரு, படுகர். இவ்வளவு தூரம் இமயமலைக்குப் போயிட்டு நீலகிரியை விட்டுட்டீங்களேன்னு எழுத வந்தேன்.

எங்க பெரியவங்க தலையில் கட்டற வெள்ளைத் துணி மண்டரெ. மண்டெ என்றால் எங்க பேச்சில் தலை. தைச்ச தொப்பி கிடையாது, ஒவ்வொரு தடவையும் கட்டணும். எங்க தெய்வம் ஹெத்தையோட திருவிழா ஹெத்தை ஹப்பாவுக்குப் பேரகணிக்குப் போற கூட்டத்தைத் தூரத்தில் இருந்து பார்த்தா மலைச்சரிவு முழுக்க வெள்ளை. பெண்களும் வெள்ளை முண்டு, தலையிலும் வெள்ளைத் துணி. மார்கழி, தை குளிர்ல அந்த வெள்ளை நடந்து போறதைப் பார்த்தாத்தான் புரியும், எழுத்துல வராது.

எனக்கு ஒரு குறை உண்டு, சொல்லிடறேன். எனக்கு 34 வயசு. பெங்களூர்ல வேலை. மண்டரெ கட்டத் தெரியாது. எங்க தாத்தா சாவுக்குப் போனப்போ பெரியப்பா என்னை இழுத்து முன்னால் நிறுத்திக் கட்டிவிட்டார். அவர் கை நடுங்குது, கண்ணுல தண்ணி, ஆனா மடிப்பு ஒண்ணுகூடத் தப்பல. அன்னிக்கு நினைச்சேன், தைச்ச தொப்பின்னா கடையில் வாங்கி வெச்சுக்கலாம். கட்டற துணியை யாராவது ஒருத்தர் சொல்லிக்கொடுத்தாத்தான் உண்டு. பியாஸ்கரை அண்ணன் சொன்ன மேடைத் தொப்பி மாதிரி இதை யாரும் விருந்தாளி தலையில் அஞ்சு நொடியில் கவுத்திட முடியாது. அது எங்களுக்கு ஒரு பாதுகாப்புன்னும் சொல்லலாம், ஆபத்துன்னும் சொல்லலாம்.

குறிஞ்சிச்செல்வி:

ஹட்டிமகன், பெரியப்பாவிடம் இந்த வருடமே கற்றுக்கொள்ளுங்கள். தள்ளிப் போடாதீர்கள்.

இனி என் ஆதங்கம். இதுவரை வந்த பதிவுகளில் பெரும்பாலும் தலை என்றாலே ஆண் தலை. மேடையில் தொப்பி பெறுவது ஆண், தேர்தலில் நிறம் மாற்றுவது ஆண், பாஸ்போர்ட்டுக்குத் தொப்பி வைப்பதும் ஆண். மலைப் பெண்கள் தலையில் ஒன்றும் இல்லையா?

லடாக் போனபோது பெராக் பார்த்தேன். நெற்றியில் தொடங்கிப் பின்முதுகு வரை இறங்கும் தோல்பட்டை, சிவப்புத் துணி போர்த்தி, அதன்மேல் வரிசை வரிசையாகப் பச்சைநீல டர்க்காய்ஸ் கற்கள். பக்கத்துக்கு ஒன்றாகக் காதை மூடுகிற கறுப்பு ஆட்டுத்தோல் மடல்கள். முன்னால் இருந்து பார்த்தால் படமெடுத்த நாகம் மாதிரி. தாயிடமிருந்து மூத்த மகளுக்குப் போகும் சொத்து அது. வீட்டின் செல்வம் முழுக்க ஒரு பெண்ணின் தலையில். எங்களைத் தங்கவைத்த அம்மாவிடம் ஒன்று இருந்தது. பெட்டியைத் திறந்து காட்டினார். நடுவில் இரண்டு இடத்தில் கல் இல்லை, துணி மட்டும் இருந்தது. ஒன்று மகன் படிப்புக்கு, ஒன்று தன் மருத்துவச் செலவுக்கு என்றார். அந்தக் காலி இடங்களில் வேறு கல் வைத்துத் தைக்க அவருக்கு மனமில்லை. மகளிடம் அப்படியே கொடுக்கப் போவதாகச் சொன்னார்.

தொப்பியைவிட அதில் எழுதியிருந்த குடும்பக் கதைதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

பியாஸ்கரை:

தங்கையின் குற்றச்சாட்டு சரி. என் முதல் பதிவில் பெண்கள் ஒரே வரியோடு நின்றுவிட்டார்கள்.

கின்னௌரில் பெண்களும் ஆண்கள் வைக்கிற அதே தேபங்தான் வைக்கிறார்கள், தனியாகப் பெண் தொப்பி என்று கிடையாது. பூவிழா நாட்களில் அதன் பச்சை மடிப்பில் பூச் செருகுவார்கள். பூ இல்லாத காலத்தில், காகிதம் மாதிரி மெல்லிய வெள்ளைச் சிறகுள்ள ஒரு மரத்தின் உலர்ந்த விதைகளைக் கோர்த்துக் கொத்தாக வைப்பார்கள். தூரத்தில் பார்த்தால் வெள்ளைப் பூ என்றே நினைப்போம். குல்லுவிலும் ஷிம்லா பக்கமும் பெண்கள் தலைக்குத் துணி கட்டுகிறார்கள். தாட்டூ என்பார்கள். நெற்றியை ஒட்டி இழுத்துப் பின்கழுத்தில் முடிச்சு. புல் சுமக்கும்போது, ஆப்பிள் பறிக்கும்போது, கோயிலுக்குப் போகும்போது எல்லாவற்றுக்கும் அதே துணி. 2015 அக்டோபரில் குல்லு தசராவில் 9,892 பேர் ஒன்றாக நாட்டி என்ற நாட்டுப்புற நடனம் ஆடிக் கின்னஸ் பதிவு ஆனது. டால்பூர் மைதானத்தில் பெண்கள் கூட்டம்தான். பட்டு என்ற கம்பளி உடையும் தாட்டூவும் கட்டி, அவ்வளவு பேரும் ஒரே அடி வைத்தபோது தரை அதிர்ந்தது.

அந்தத் துணியை எந்த மேடையிலும் யாருக்கும் போர்த்தி நான் பார்த்ததில்லை.

இருவாச்சி:

வணக்கம். வால்பாறையில் இருக்கிறேன். எங்கள் தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய காட்டுத் துண்டில் மலை இருவாச்சி பறக்கும் சத்தம் ரயில் போகிற மாதிரி கேட்கும். அந்தப் பறவையைத் தேடித்தான் அருணாச்சலப் பிரதேசத்துக்குப் போனேன், பக்கே புலிகள் காப்பகத்துக்கு. அங்கே அதே இருவாச்சியின் அலகைத் தலையில் பார்த்தேன்.

நிஷி மக்களின் ஆண்கள் பிரம்பில் பின்னிய ஒரு குல்லாய் வைப்பார்கள். பியோபா என்று பெயர். அதன் முன்பக்கம் மலை இருவாச்சியின் மேல் அலகு, கொண்டைப் பகுதியோடு. நெற்றிக்கு மேல் முடியை முடிந்து குறுக்கே ஊசி செருகி, அதில் குல்லாயைப் பொருத்துவார்கள். முதல்முறை பார்க்கிறவனுக்கு அது கம்பீரம். எனக்குக் கம்பீரமும் வேதனையும் ஒன்றாக வந்தது. ஏனென்றால் எனக்கு அந்தப் பறவையின் வீடு தெரியும். பெண் பறவை மரப்பொந்துக்குள் போய்த் தன்னை உள்ளே வைத்துப் பொந்தின் வாயை அடைத்துக்கொள்ளும். ஒரு கீறல் மட்டும் விடும். ஆண் பறவை மாதக்கணக்கில் அந்தக் கீறல் வழியாகப் பழம் ஊட்டும். அந்தச் சமயத்தில் ஆணைச் சுட்டால் பொந்துக்குள் இருப்பவையும் போச்சு.

ஒரு இனம் தன் அடையாளத்தை விடவும் முடியாது, பறவை அழிந்தால் அடையாளமும் இருக்காது. அங்கே என்ன செய்தார்கள் தெரியுமா? 2000களின் தொடக்கத்தில் இருந்து கண்ணாடி இழையில் அலகு செய்து கொடுத்தார்கள். இந்திய வனவுயிர் அறக்கட்டளையும் மாநில வனத்துறையும் சேர்ந்து செய்த வேலை. நிஷி மக்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். 2011இல் கூடு தத்தெடுக்கும் திட்டம் வந்தது. காப்பகத்தைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்களே கூடுகளைக் காவல் காக்கிறார்கள், அவர்களில் முன்பு வேட்டையாடியவர்களும் உண்டு. 2015 முதல் பக்கே பாகா என்று ஒரு திருவிழாவே நடக்கிறது. பாகா என்றால் அவர்கள் மொழியில் மலை இருவாச்சி.

நான் சந்தித்த பெரியவர் வீட்டில் இரண்டு பியோபா இருந்தன. அப்பாவுடையது உண்மையான அலகு, மஞ்சள் மங்கிக் கீறல் விழுந்தது. அவருடையது இழையில் செய்தது. விழாவுக்கு எதை வைப்பீர்கள் என்று கேட்டேன். தன்னுடையதைத்தான் என்றார். அப்பாவுடையதைத் தொட்டுப் பார்க்க விட்டார், வைத்துப் பார்க்கக் கொடுக்கவில்லை.

ஊசிநூல்:

இருவாச்சி சார், மன்னிக்கணும், எனக்கு இதுல ஒரு உறுத்தல். பறவையைக் காப்பாத்தினது சரி, கோடி புண்ணியம். ஆனா அச்சுல வார்த்து எடுத்த அலகு ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்குமே. எங்க ஊர்ல விசைத்தறி வந்தப்பவும் இதே பேச்சுதான், "பார்க்க அப்படியேதானே இருக்கு" என்றாங்க. அப்படியேதான் இருந்துச்சு. கைத்தறி போச்சு.

இருவாச்சி:

உங்கள் வலி புரிகிறது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல தம்பி. விசைத்தறி நெசவாளியின் இடத்தைப் பிடித்தது. இழை அலகு எடுத்துக்கொண்டது செத்த பறவையின் இடத்தை. குல்லாயை இன்றும் பிரம்பில் கையால்தான் பின்னுகிறார்கள். அந்த விரல் வேலை அப்படியே இருக்கிறது. அலகு செய்வது மனிதர் வேலையாக என்றைக்கும் இருந்ததில்லை.

பியாஸ்கரை:

இருவாச்சி அவர்களே, இதற்கு அக்கா தங்கை மாதிரி ஒரு கதை குல்லுவிலும் உண்டு. மோனால் என்ற வண்ணக் கோழி, தலையில் மயில் கொண்டை மாதிரி நீண்ட உச்சிப்பூ. ஆண்கள் அதைத் தொப்பியில் செருகுவார்கள். கல்கி என்பார்கள். கல்கி வைத்த தொப்பி என்றால் அவர் பெரிய மனிதர், மாப்பிள்ளைக்கு அது வேண்டும், நாட்டியில் முன்னால் ஆடுகிறவருக்கு வேண்டும். 1982இல் இமாச்சலில் வேட்டைக்குத் தடை வந்தது. அதன்பின் பழைய கல்கிகளே கைமாறுகின்றன. கல்யாணத்துக்கு ஒருவரிடமிருந்து ஒருவர் இரவல் வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். துணியில் சுற்றி, நகை மாதிரி எடுத்துவருவார்கள், ஆட்டம் முடிந்த இரவே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

அந்த ஊரில் நான் பார்த்த மிக அழகான கடன் அதுதான்.

மலைத்தேன்:

பிஷ்கெக்கில் மருத்துவம் முடித்தவன் நான், ஒரு சின்னக் குறிப்பு மட்டும். கிர்கிஸ்தானில் ஆக் கல்பாக். அழுத்திச் செய்த வெள்ளைக் கம்பளி (ஃபெல்ட்), நாலு மடல், ஓரத்தில் கறுப்புக் கோட்டு வேலை, உயரமாகப் பனிமலை மாதிரி நிற்கும். 2019இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள், கவனியுங்கள், தொப்பியை மட்டும் அல்ல, அதைச் செய்யும் அறிவையும் அணியும் முறையையும் சேர்த்து. மார்ச் 5 அன்று கல்பாக் தினம், அன்றைக்கு எங்கள் பேராசிரியர்களும் அதை வைத்துக்கொண்டுதான் வருவார்கள். கழற்றினால் தரையில் வைக்கக் கூடாது. ஒருமுறை நண்பனின் தாத்தா வீட்டில் தெரியாமல் பாய் மேல் வைத்துவிட்டேன். தாத்தா திட்டவில்லை. எழுந்து வந்து எடுத்துத் தட்டி, அலமாரி மேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார். திட்டியிருந்தால் தேவலை.

காட்மாண்டுவழி:

மலைத்தேன் சொன்னதில் ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்கிறேன், "செய்யும் அறிவு". பியாஸ்கரை, நீங்கள் பெயரைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். எனக்கு அந்த மேடையில் கொடுத்த நாலு தொப்பியும் எங்கே நெய்தது என்பதுதான் கவலை.

பியாஸ்கரை:

அது எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். குல்லு சால்வைக்குப் புவிசார் குறியீடு உண்டு. அப்படியும் குல்லு, மணாலி கடைத்தெருவில் தொங்குவதில் எவ்வளவோ லூதியானா விசைத்தறியில் வந்தது. பட்டையும் அப்படித்தான். சுற்றுலா வருகிறவர் 200, 300 ரூபாய்க்குத் தொப்பி கேட்டால், கையால் நெய்த பட்டை அந்த விலைக்குக் கட்டாது. கடைக்காரரை மட்டும் குற்றம் சொல்லி என்ன ஆகும்? மேடையில் கொடுப்பதற்கு நூறு தொப்பி மொத்தமாக வாங்குகிறவர் அதைவிடக் குறைவாகக் கேட்கிறார். பாரம்பரியத்தைக் கௌரவிக்க வேண்டும் என்றால் அந்த நூறை ஐந்தாகக் குறைத்து, ஐந்தையும் கைத்தறியில் வாங்கட்டும். இதைக் கருத்தரங்கு நடத்தியவர்களிடமும் சொல்லிவிட்டேன்.

ஊசிநூல்:

அண்ணா, எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு நான் சொல்றேன், உங்க ஊர் நெசவு எனக்குத் தெரியாது, ஆனா தறி எல்லா ஊர்லயும் தறிதான். பட்டையைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்க. கையால கோத்து நெய்ததுன்னா பூவேலை ஊடை நூல் அந்தந்தக் கட்டத்துக்குள்ளயே திரும்பிரும். மிஷின் ஜக்கார்டுன்னா பூ இல்லாத இடத்துலயும் கலர் நூல் பின்னால நீளமா ஓடியிருக்கும், இல்ல ஓடினதை வெட்டி விட்டிருப்பாங்க. அப்புறம் கைவேலைல ஏதாவது ஒரு கட்டம் ஒரு நூல் தப்பியிருக்கும். உங்க வீட்ல தொப்பி இருக்குமே, பாருங்க.

பியாஸ்கரை:

இருக்கிறது. மாற்றலாகி வந்தபோது வீட்டுக்காரர் கொடுத்தது. அவர் தையல்காரர், முதல் பதிவில் சொல்ல விட்டுப்போனது. பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

ஹட்டிமகன்:

இடையில் ஒரு சேதி. குறிஞ்சிச்செல்வி அக்கா சொன்னாங்கன்னு நேத்து பெரியப்பாவுக்குப் போன் பண்ணினேன். வீடியோவில் கத்துக்கொடுங்கன்னு கேட்டேன். முடியாது, நேரில் வா என்றார். சனிக்கிழமை பஸ் ஏறுகிறேன்.

பியாஸ்கரை:

ஊசிநூல் தம்பி, உள்விறைப்பைக் கொஞ்சம் பிரித்துப் பின்பக்கம் பார்த்தேன். நூல் நீளமாக ஓடுகிறது. சிவப்பு, மஞ்சள் இரண்டும், ஒரு கோடியில் இருந்து மறு கோடி வரை. ஒரு கட்டம்கூடத் தப்பவில்லை.

மனது கேட்கவில்லை. இவ்வளவு நாள் இந்தத் தொப்பியை வைத்துத்தான் எல்லாரிடமும் பேசிக்கொண்டிருந்தேன். இரவு குல்லுவுக்கு அழைத்தேன். வீட்டுக்காரர் போன வருடம் தவறிவிட்டார், மகன்தான் பேசினான். கேட்கத் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். அவன் தயங்கவே இல்லை. "பட்டை லூதியானாவுடையதுதான் பாய் சாப், அந்த வருடம் கைப்பட்டை கிடைக்கவில்லை. அப்பா அதற்காக வருத்தப்பட்டார். ஆனால் துணி எங்கள் வீட்டு ஆட்டுக் கம்பளி, அம்மா நூற்றது. உங்களுக்கு அளவு எடுத்ததும் அப்பாதான்" என்றான்.

அளவெடுத்தது எனக்கு நினைவிருக்கிறது. நாடா வைத்து எடுக்கவில்லை. ஒரு நூலை என் நெற்றியைச் சுற்றி இழுத்து முடிச்சுப் போட்டு, அந்த நூலைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

இப்போது கைப்பட்டை ஒன்று வாங்கி மாற்றித் தைத்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். மகன் நெய்தவரிடமே வாங்கி அனுப்புகிறேன் என்கிறான்.

ஊசிநூல்:

பட்டையை வாங்குங்க அண்ணா, நெய்தவருக்குக் காசு போகட்டும். ஆனா அதைப் புதுத் தொப்பிக்கு வெச்சுக்கங்க. இதுல அவர் போட்ட தையலைப் பிரிக்காதீங்க. நீங்க பிரிச்ச அந்த உள்விறைப்பையும் அதே ஊசித் துளைகள் வழியா நூல் விட்டுத் தைச்சிருங்க. எப்படின்னு தெரியலைன்னா எனக்கு அனுப்புங்க, நான் தைச்சுத் தர்றேன்.